ஆடும் மண்ணில் குடித்தனம்: ஜப்பானில் வாழும் நெல்லைக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

பாளையங்கோட்டை

டோக்கியோவிலும் யோக்கஹாமாவிலும் நகோயாவிலும் ஒசாகாவிலும் பிள்ளைகுட்டிகளோடு குடியிருக்கும் நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு,



2023 டிசம்பர் 17, 18 தேதிகளை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைகொள்ளாமல் ஓடியது. நெல்லைச் சந்திப்புப் பக்கம் தண்ணீர், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள் தண்ணீர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சிக்கிக்கொண்டது. கரண்ட் போய், செல்போன் கோபுரங்களும் படுத்துவிட்டன. டோக்கியோவில் இருந்துகொண்டு அம்மாவுக்கு அடித்தால் மணி போகவில்லை. அப்பாவுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

சரியாக இரண்டு வாரம் கழித்து அதே பாடு எதிர்த்திசையில் நடந்தது. 2024 ஜனவரி 1, புத்தாண்டு. பாளையங்கோட்டையில் காலை ஆராதனை முடிந்து வீடுகளில் மத்தியானச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்த நேரம், இந்திய மணி 12.40. ஜப்பானில் அப்போது மாலை 4.10. நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலம் குலுங்கியது. அந்த நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் பெண் அறிவிப்பாளர், டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே உயரமான இடத்துக்கு ஓடும்படி அடித்தொண்டையில் கத்தினார். அந்தக் காட்சி நம்மூர்ச் செய்திச் சேனல்களிலும் வந்தது. இப்போது போனை எடுத்தவர்கள் பெருமாள்புரத்திலும் மகாராஜ நகரிலும் இருந்த அம்மாமார்கள்.

“ஏய்யா, அங்க பூமி ஆடுதாமே?”

“ஒண்ணுமில்லம்மா. டோக்கியோல லேசாத்தான் இருந்துச்சு. இங்க கட்டடமெல்லாம் ஆடும், விழாது. நீங்க பயப்படாதீங்க.”

ஊரில் பிள்ளைகளை ஜப்பானுக்கு அனுப்பிய வீடுகளிலெல்லாம் இந்தப் பதில் கேட்டிருக்கிறது. பதில் பொய்யல்ல, ஆனால் பாதிதான். அந்தப் பதில் சொல்லாமல் விட்ட மறுபாதியைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் சொன்ன பாதியைப் பார்த்துவிடலாம். ஜப்பானின் கட்டட விதி 1981 ஜூனில் கடுமையாகத் திருத்தப்பட்டது. மிகப் பெரிய குலுக்கலிலும் கட்டடம் சேதமாகலாமே தவிர, உள்ளே இருப்பவர்கள் மேல் இடிந்து விழக் கூடாது என்பது அந்த விதியின் நோக்கம். 1995 ஜனவரி 17 காலை 5.46-க்குக் கோபே நகரத்தில் அது சோதிக்கப்பட்டது. 6,434 பேர் இறந்த அந்த நிலநடுக்கத்தில், 1981-க்குப் பின் எழுந்த கட்டடங்கள் பழையவற்றைவிடப் பெரிதும் தாக்குப்பிடித்தன. மரவீடுகளுக்கான விதி 2000-இல் இன்னும் இறுக்கப்பட்டது.

ஆகவே ‘கட்டடம் விழாது’ என்பதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: அது எந்த வருஷத்துக் கட்டடம்? நோட்டோவின் வாஜிமா ஊரில் பழைய ஏழு மாடிக் கட்டடம் ஒன்று அடியோடு சாய்ந்து பக்கத்து வீட்டின்மேல் விழுந்தது. வெளிநாட்டுக்காரர் என்று வீடு தர யோசிக்கும் வீட்டுக்காரர்கள் அங்கே உண்டு. ஜாமீன் கேட்காத அடுக்குமாடி, வாடகை குறைந்த பழைய மரவீடு என்று தேடிப் போகும் நம் பிள்ளைகள் வருஷத்தைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும். கட்டி முடித்த தேதியைவிட, அனுமதி வாங்கிய தேதியைக் கேளுங்கள். 1982-இல் திறந்த கட்டடம் 1980-இல் பழைய விதிப்படி அனுமதி பெற்றதாக இருக்கலாம். ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிஷ நடை என்று கேட்கிற அதே மூச்சில் இதையும் கேட்டுவிடலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் உடம்பில் ஊறிய அறிவு கிடையாது. திருநெல்வேலியின் பெரும்பகுதி நிலநடுக்க வரைபடத்தில் அபாயம் குறைந்த இரண்டாம் மண்டலமாகவே இருந்து வந்தது. தமிழ்நாட்டில் பெரிது என்று இன்றும் பேசப்படுவது 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது. அதை நினைவில் வைத்திருக்க யாரும் உயிரோடு இல்லை. ஆற்றில் வெள்ளம் ஏறினால் எந்தப் பொருளைப் பரணில் ஏற்றுவது, மாட்டை எங்கே ஓட்டுவது என்று நம் பாட்டிமார்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். தரை ஆடினால் என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லித் தந்ததில்லை. ஜப்பானியக் குழந்தைக்கு அது மழலைப் பள்ளியிலேயே கிடைக்கிறது. பல பள்ளிகளில் நாற்காலி மெத்தையாகக் கிடப்பதே, எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ளும் பஞ்சுவைத்த முக்காடுதான். தொட்டால் உருண்டு சுருண்டுகொள்ளும் பூச்சியின் பெயரைச் சொல்லி, அதுபோலத் தரையில் குனிந்து கழுத்தைக் கையால் மூடப் பழக்குகிறார்கள். அங்கே படிக்கிற உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இது தெரியும். அப்பாவுக்கு ஆபீஸில் வருஷாவருஷம் ஒத்திகை நடக்கிறது. வீட்டில் இதெல்லாம் தெரியாத ஒருவர் இருக்கிறார். பெரும்பாலான வீடுகளில் அது அம்மா.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2011 மார்ச் 11 வெள்ளிக்கிழமை மதியம் 2.46. வடகிழக்குக் கடலுக்கடியில் 9.0 அளவு நிலநடுக்கம். சுனாமி அடித்த கரையோர ஊர்களில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து பதினெட்டாயிரத்துக்கும் மேல். டோக்கியோ அங்கிருந்து முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்தும் நின்றுபோனது. ரயில்கள் ஓடவில்லை. லிஃப்டுகள் நின்றன. தலைநகர் வட்டாரத்தில் அன்று வீடு திரும்ப முடியாமல் தவித்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று அந்த நாட்டு அரசு பின்னர் மதிப்பிட்டது. நடந்தே வீடு சேர்ந்தவர்கள் விடிய விடிய நடந்தார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து டோக்கியோ மாநகரம் ஒரு விதி செய்தது. 2013 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. பெரும் நிலநடுக்கம் வந்தால் அலுவலகத்தில் இருப்பவர்கள் உடனே வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தெருவில் இறங்கினால் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போக வழியிருக்காது. அதனால் நிறுவனங்கள் ஆட்களை அங்கேயே நிறுத்திவைத்து, மூன்று நாளைக்கு வேண்டிய தண்ணீரும் உணவும் போர்வையும் வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்த விதி.

வீட்டில் இருக்கும் தங்கச்சிமார்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வேலைநாள் பகலில் பெரிய குலுக்கல் வந்தால், உங்கள் கணவர் அன்று ராத்திரி வரமாட்டார். அடுத்த நாளும் வராமல் போகலாம். கைக்குழந்தையோடு ஒன்பதாவது மாடியில் இருக்கும் நீங்கள், லிஃப்ட் இல்லாமல் இறங்கி, பள்ளிக்கு நடந்துபோய் மூத்த பிள்ளையைக் கூட்டி வர வேண்டும். பெரிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பள்ளிகள் பிள்ளைகளைத் தனியாக அனுப்புவதில்லை. பதிவு செய்த ஆள் நேரில் வந்து கூட்டிப்போக வேண்டும். அந்தப் பதிவுப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறது? நிறைய வீடுகளில் படிவத்தை நிரப்புவது ஜப்பானிய மொழி தெரிந்த அப்பா. அவர் தன் பெயரையும் தன் ஆபீஸ் எண்ணையும் எழுதிவிட்டு வந்துவிடுகிறார். உங்கள் பெயரும், பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவர் பெயரும் அதில் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் ஒத்திகை பள்ளியில் நடக்கும்போது அவரை அனுப்பாமல் நீங்களே போங்கள்.

குடும்ப விசாவில் வந்து, மொழி பிடிபடாமல், பகலெல்லாம் குழந்தையோடு தனியாக இருப்பவர் கையில்தான் அந்த நேரத்தில் மொத்தக் குடும்பமும் இருக்கும். வீட்டிலேயே குறைவாகச் சொல்லித்தரப்பட்டவரும் அவரே. இந்த ஏற்பாடு தப்பு. அண்ணன்மார்கள், தம்பிமார்கள் இதைச் சரிசெய்ய வேண்டும்.

சரிசெய்ய வேண்டியதை வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றினாலே பார்த்துவிடலாம். படுக்கையறையில் துணி அலமாரி. அதன்மேல் ஊருக்குப் போய்வந்த பெரிய சூட்கேஸ்கள் இரண்டோ மூன்றோ, கூரையைத் தொடும்படி. சின்ன வீட்டில் வேறு எங்கே வைப்பது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அலமாரிக்கு நேர் கீழேதான் குழந்தையின் மெத்தை விரித்திருக்கிறது. கோபேயில் இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் வீடும் சாமான்களும் அமுக்கி, நசுங்கியோ மூச்சுமுட்டியோ இறந்தவர்கள். அண்மைக்கால நிலநடுக்கங்களில் காயம்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை வீட்டுச் சாமான் சாய்ந்தும் விழுந்தும் நகர்ந்தும் காயம்பட்டவர்கள் என்கிறது டோக்கியோ தீயணைப்புத் துறை. கட்டடம் நிற்கும், உள்ளே இருக்கும் ஃபிரிட்ஜ் நடந்து வரும்.

வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்பதால் பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆணி தேவையில்லை. அலமாரி மேல்பக்கத்துக்கும் கூரைக்கும் நடுவில் முட்டுக்கொடுக்கும் இரட்டைக் கம்பி அங்கே எந்த வீட்டுச்சாமான் கடையிலும் கிடைக்கும். ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் அடியில் ஒட்டும் பசைத் தகடு கிடைக்கும். சில நகராட்சிகள் இதற்கு உதவித்தொகையே தருகின்றன. சூட்கேஸைக் கீழே இறக்குங்கள். சாமி அலமாரியில் கண்ணாடி போட்ட படங்களையும் கனத்த பித்தளை விளக்கையும் தலைக்குமேல் உயரத்தில் வைக்காதீர்கள்; இடுப்பளவில் வைத்தாலும் சாமி கோபித்துக்கொள்ளாது. கிரைண்டர் மேடையின் விளிம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பையில் செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும். நம் வீடுகளிலும் அவர்கள் வீடுகளிலும் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. ராத்திரியில் கண்ணாடி உடைந்து கிடக்கும் தரையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வாசல்வரை நடக்க முடியாது.

அடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமையலில் எண்ணெய்ச் சட்டி அதிகம். ஆடத் தொடங்கியதும் அடுப்பை அணைக்க ஓடுவதே நம் கைக்கு முதலில் தோன்றும். 1923 செப்டம்பர் 1 பகல் 11.58-க்கு, மத்தியானச் சமையல் நேரத்தில் வந்த கான்தோ நிலநடுக்கத்தில் டோக்கியோவும் யோக்கஹாமாவும் தீயில் வெந்ததால், வெகுகாலம் ஜப்பானியர்களுக்கும் அதுவே பாடமாக இருந்தது. இப்போது பாடம் மாறிவிட்டது. வீட்டு காஸ் மீட்டரில் உணர்கருவி இருக்கிறது. குலுக்கலின் பலத்தை அளக்கும் ஜப்பானிய அளவுகோலில் ஐந்தாம் படி அளவுக்குக் குலுங்கினால் காஸ் தானாக நின்றுவிடும். ஆகவே கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்திலிருந்து விலகிப் போய் மேசைக்கடியில் நுழையுங்கள். எல்லாம் அடங்கிய பிறகு அடுப்பு எரியவில்லை என்றால் பதற வேண்டாம். வீட்டுக் கதவுக்கு வெளியே உள்ள இரும்புப் பெட்டியைத் திறந்தால் மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். காஸ் வாடை இல்லை, எல்லாத் திருகும் மூடியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, மீட்டரிலுள்ள பொத்தானை அழுத்திவிட்டு மூன்று நிமிஷம் பொறுத்தால் மறுபடி வரும். இதை வீட்டில் இரண்டு பேரும் ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு மிதப்பு இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்ததும் இந்தியக் கடையில் வாங்கியதுமாக அரிசி, பருப்பு, புளி, வத்தல் என்று இரண்டு மாதச் சாமான் எப்போதும் வீட்டில் இருக்கும். ஆனால் அத்தனையும் தண்ணீரும் நெருப்பும் கேட்கும் சாமான். குழாய் வறண்டால் பத்துக் கிலோ பொன்னி அரிசி எதற்கு ஆகும்? ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், குறைந்தது மூன்று நாளைக்கு, முடிந்தால் ஒரு வாரத்துக்கு. மேசையில் வைத்து எரிக்கும் சின்ன காஸ் அடுப்பும் நாலைந்து குப்பி காஸும் அங்கே மலிவு. அவல், பொரிகடலை, சத்துமாவு, பேரீச்சம்பழம், புளிக்காய்ச்சல் ஆகியவை அடுப்பில்லாமலும் வயிற்றை நிரப்பும். முகாமில் கிடைக்கிற சோற்றுருண்டைக்குள் மீன் இருக்கலாம், உடனடி நூடுல்ஸின் ரசத்தில் இறைச்சிச் சாறு இருக்கலாம். சைவக் குடும்பங்கள் அதைக் குழந்தைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அந்தக் குளிரில் நின்று யோசிக்கிற நிலைக்கு வரக்கூடாது. கழிப்பறைக்குப் போடும் உறைப் பைகளையும் வாங்கி வையுங்கள். அடுக்குமாடியில் தண்ணீர் நின்றால் சோற்றுக்கு முன்னால் அதுதான் தேவைப்படும்.

வாங்குவதை முன்கூட்டியே வாங்க வேண்டும். 2024 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஹ்யூகாநாடா கடலில் 7.1 அளவில் நடுங்கியதும், தெற்குக் கடலோரமாக ஓடும் நான்காய் பள்ளத்தில் பெரும் நிலநடுக்க வாய்ப்பு கூடியிருப்பதாக வானிலை அமைப்பு முதன்முறையாக அறிவிப்பு விட்டது. அறிவிப்பு ஒரு வாரத்தில் விலக்கப்பட்டது. அதற்குள் பல கடைகளில் தண்ணீர் பாட்டிலும் அரிசியும் காலி.

அறிவிப்பு வேறு, ஆரூடம் வேறு என்பதை ஊரில் இருப்பவர்களும் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஜப்பானியச் சித்திரக்கதைப் புத்தகத்தில் சொல்லியிருக்கிறது என்று 2025 ஜூலைக்கு ஒரு பெரும் அழிவைக் குறித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். ஹாங்காங்கிலிருந்து போகும் விமானங்களைக்கூட ஆளில்லாமல் குறைத்தார்கள். சொன்ன அழிவு வரவில்லை. நாள், இடம், அளவு குறித்து நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல இன்று யாராலும் முடியாது என்று அந்த நாட்டு வானிலை அமைப்பே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. நடப்பிலுள்ள முன்னெச்சரிக்கை வேறு வகை: நிலநடுக்கம் தொடங்கிவிட்டபின், வேகமாக வரும் முதல் அலையைக் கருவிகள் பிடித்து, பின்னால் வரும் பலத்த அலைக்கு முன்பாக உங்கள் போனை அலற வைக்கின்றன. கிடைப்பது சில விநாடி, தூரமாக இருந்தால் பத்து இருபது விநாடி. மையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதுவும் இல்லை. அந்த விநாடிகளில் யோசிக்க நேரமிருக்காது. முன்பே பழகியதைத்தான் கை செய்யும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். யோக்கஹாமாவின் யமாஷிதா பூங்காவுக்கு உங்களில் பலர் குழந்தைகளோடு போயிருப்பீர்கள். கடலோரத்தில் இருக்கும் அந்தப் பூங்கா 1923 நிலநடுக்கத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டி மேடாக்கிய இடம். அதன் ஒரு மூலையில், விதானக் கூரையோடு இந்தியப் பாணியில் நிற்கும் குடிநீர் மண்டபம் ஒன்று உண்டு. 1923-இல் யோக்கஹாமாவில் பட்டு வியாபாரம் செய்துவந்த இந்தியக் குடும்பங்கள் இருந்தன. நிலநடுக்கத்தில் அவர்களில் சிலர் இறந்தார்கள். மிஞ்சியவர்களில் பலர் இனி இங்கே வேண்டாம் என்று கோபேக்குக் குடிபெயர்ந்தார்கள். யோக்கஹாமாக்காரர்கள் அவர்களை விட்டுவிடவில்லை. வீடும் கடையும் கட்டித்தந்து திரும்ப அழைத்தார்கள். அந்த நன்றிக்காகவும் இறந்தவர்கள் நினைவாகவும் இந்திய வணிகர்கள் 1930-களின் இறுதியில் கட்டிக்கொடுத்தது அந்த மண்டபம். இன்றும் செப்டம்பர் 1-இல் அங்கே இந்தியர்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

கோபேக்குப் போனவர்களில் அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. எழுபத்தோரு வருஷம் கழித்து, இந்தப் பக்கம் பெரிதாக வராது என்று அந்த ஊரே நம்பிக்கொண்டிருந்த வேளையில், 1995 வந்தது. ஆக, டோக்கியோ வேண்டாம், ஒசாகாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத் தவிர வேறு பதில் தேவையில்லை. கோபேயில் இடிபாட்டில் சிக்கி உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களை வெளியே இழுத்தது ராணுவமோ தீயணைப்புப் படையோ அல்ல, குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு உங்கள் வீட்டில் எத்தனை பேர், குழந்தை எந்த அறையில் தூங்கும் என்று தெரிந்திருந்தால், அதைவிடப் பெரிய காப்பீடு இல்லை. தீபாவளிக்கு முறுக்குத் தட்டோடு அந்தக் கதவைத் தட்டுங்கள். தெருச் சங்கத்தின் ஒத்திகைக்கு ஆள் வந்து கூப்பிட்டால், மொழி தெரியாது என்று ஒதுங்காதீர்கள்.

நம்மவர்கள் கூடிவாழும் நிஷிகசாய் பற்றித் தனியே ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த பொறியாளர்களிலிருந்து பெருகி, இந்தியர்கள் அதிகம் வாழும் வார்டாக, நிஷிகசாய் அடங்கிய எடோகாவா ஆகிவிட்டது. அந்த வார்டின் நிலத்தில் சுமார் எழுபது சதவீதம் கடல் ஏற்ற மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019-இல் வார்டு அலுவலகம் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே, இங்கே தங்கியிருக்கக் கூடாது என்று குடிமக்களுக்கு எழுதியிருந்தார்கள். ஆற்றைத் தாண்டினால் உராயாசு. 2011-இல் அங்கே கடலைத் தூர்த்த மண் குழம்பாகி, நிலத்தடித் தொட்டிகள் தரைக்கு மேலே எழும்பி, வாரக்கணக்கில் சாக்கடை ஓடவில்லை. உங்கள் வீட்டின் அபாய வரைபடத்தை, எத்தனையாவது மாடி என்பதோடு சேர்த்துப் பார்த்துவையுங்கள். கூடவேண்டிய திடலும் தங்கும் முகாமும் வெவ்வேறு இடங்களாக இருக்கும்; இரண்டுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து பாருங்கள். எந்தத் தெருவில் தடுப்புச் சுவர் உயரம், எங்கே படிக்கட்டு குறுக்கிடுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

வெளியே வந்தபின் திரும்ப உள்ளே போகாதீர்கள். இதை நகைக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குமாமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 இரவு 6.5 அளவில் நிலம் அதிர்ந்தது. வெளியே ஓடியவர்களில் பலர், பெரியது முடிந்துவிட்டது என்று வீடு திரும்பினார்கள். 16-ஆம் தேதி அதிகாலை 1.25-க்கு 7.3 அளவில் இன்னொன்று வந்தது. முதலில் வந்ததுதான் முன்னோட்டம். கல்யாணத்துக்குப் போட்ட நகை, பாஸ்போர்ட், பட்டா நகல் எல்லாம் எடுத்து ஓடும் பைக்கு அருகிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் லாக்கரில் இருக்கட்டும். உள்ளே விட்டுவந்தது எதுவானாலும் அது போனதாகவே இருக்கட்டும்.

பிரசவத்துக்கென்று ஊரிலிருந்து வரும் அம்மாவும் மாமியாரும் மூன்று மாதம் உங்கள் வீட்டில் இருப்பார்கள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். முட்டுவலிக்காரர்களால் மேசைக்கடியில் நுழைய முடியாது. அலமாரி இல்லாத மூலையில் உட்கார்ந்து தலையணையால் தலையை மூடிக்கொள்ளட்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஒரு வாரத்துக்குத் தனியே எடுத்துவையுங்கள்; நம்மூர்ப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது, மருந்தின் மூலப்பெயரை எழுதி வையுங்கள். நோட்டோவில் நேரடியாக இறந்தவர்களைவிட, பின்னால் முகாம்களிலும் குளிரிலும் மருந்து தடைப்பட்டும் உடல்நலம் கெட்டு இறந்தவர்கள் அதிகம், பெரும்பாலும் வயதானவர்கள்.

இனி போன். பெரிய குலுக்கல் வந்ததும் ஜப்பானில் குரல் அழைப்புகளை நிறுவனங்களே கட்டுப்படுத்திவிடும். 2011-இல் பத்தில் ஒன்பது அழைப்பு வரை தடுக்கப்பட்டது. எழுத்துச் செய்தி மெல்லவாவது போய்ச்சேரும். அதனால் ஊரில் ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். பெருமாள்புரம் சித்தப்பாவோ சமாதானபுரம் அத்தையோ, வாட்ஸ்அப் பழகிய ஒருவர். கணவர் ஆபீஸிலிருந்தும் மனைவி வீட்டிலிருந்தும் அவருக்கு மட்டும் ஒரு வரி அனுப்ப வேண்டும்: எங்கே இருக்கிறேன், யார் கூட இருக்கிறார்கள், அடுத்து எங்கே போகிறேன். டோக்கியோவுக்குள்ளேயே ஒருவரையொருவர் பிடிக்க முடியாதபோது பாளையங்கோட்டை வழியாகச் செய்தி பரிமாறிக்கொள்ளலாம். மற்ற உறவுக்காரர்கள் எல்லாம் சித்தப்பாவைக் கேட்கட்டும். ஊரில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: டிவியைப் பார்த்துவிட்டு இருபது தடவை அடிக்காதீர்கள். அந்த இருபது மணியும் பிள்ளையின் போன் பேட்டரியைத் தின்னும். உள்ளூர்த் தகவலுக்கு 171 என்ற எண்ணில் குரலைப் பதிந்துவைக்கும் வசதி உண்டு. கோபே அனுபவத்துக்குப் பின் வந்தது. மாதத்தின் முதல் தேதியும் 15-ஆம் தேதியும் அதைப் பழகிப் பார்க்க விடுகிறார்கள்.

தமிழ்ச் சங்கங்களை நடத்துபவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தெரு ஒலிபெருக்கி ஜப்பானிய மொழியில்தான் பேசும். பல மொழிகளில் வரும் எச்சரிக்கைச் செயலிகளிலும் தமிழைக் காணோம். பொங்கல் விழாவுக்கு அரங்கம் பிடித்து நடத்தும் உங்களால், ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டவைக்க முடியும். ஒலிபெருக்கியில் காதில் விழும் பத்துச் சொல், வாயால் சொல்ல வேண்டிய ஐந்து வாக்கியம் போதும். ‘ஜிஷின்’ என்றால் நிலநடுக்கம், ‘ஹினான்’ என்றால் பாதுகாப்பான இடத்துக்கு வெளியேறுவது, ‘தசுகெத்தே குதசாய்’ (காப்பாற்றுங்கள்) என்று கத்தினால் யாராவது வருவார்கள் என்பது நேற்று வந்திறங்கிய தங்கச்சிக்கும் தெரிய வேண்டும்.

சுமிதா வார்டில் ஹொன்ஜோ என்ற பெயரில் டோக்கியோ தீயணைப்புத் துறையின் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஏழாம் படிக் குலுக்கல் எப்படி இருக்கும் என்று அங்கே ஒரு அறையில் உட்காரவைத்துக் காட்டுகிறார்கள். புகை மூடிய நடையில் குனிந்து போகப் பழக்குகிறார்கள். அரியாகேயில் உள்ள பேரிடர் தடுப்புப் பூங்காவில், உதவி வந்துசேரும்வரையான முதல் 72 மணி நேரத்தை எப்படித் தாண்டுவது என்று நடந்து பார்த்தே கற்றுக்கொள்ளலாம். இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. டிஸ்னிலேண்டுக்குப் போகிற கூட்டத்தில் பாதியாவது ஒரு விடுமுறை நாளில் அங்கே போங்கள். அப்பாமார்கள் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு, முதலில் அம்மாமார்களை அந்த அறைக்குள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளை ஜப்பானுக்கு அனுப்பிவிட்டு இருக்கும் பாளையங்கோட்டைக்காரர்கள் சார்பில்